தலைமைத்துவத்தை ஆராயும் பிசினஸ் ஸ்கூல் பேராசிரியர்களால் நடைமுறையில் ஏதாவது பயன் உண்டா?

எம்பிஏ முதலாண்டில் ஓபி (Organizational Behaviour, நிறுவனங்களில் மனிதர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்ற பாடம்) படிக்கும் ஒருவர், "எல்லாம் ஏசி அறையில் உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கிறது, இந்தப் பேராசிரியர்கள் உண்மையில் என்னதான் செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

நான் எம்பிஏ படித்தவள் இல்லை. பல வருடம் வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துவிட்டு, இப்போது ஒரு தனியார் மருத்துவமனையின் தரப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பயன் உண்டு என்று அடித்துச் சொல்வேன். என்னைச் சொல்ல வைப்பவர் ஏமி எட்மண்ட்சன்.

இன்று அவர் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் பேராசிரியர். 1990களின் தொடக்கத்தில் ஆராய்ச்சி மாணவி. நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளைப் பற்றி அப்போது ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது, அதில் சேர்ந்தார். 2 மருத்துவமனைகளில் 8 வார்டுகள். எந்த வார்டில் குழுவாக நன்றாக வேலை செய்கிறார்கள் என்று கேள்வித்தாள் கொடுத்து அளந்தார். ஒற்றுமையான வார்டில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம், அவரும் நினைத்தார். வந்த கணக்கு தலைகீழ். நல்ல குழு என்று தெரிந்த வார்டுகளில்தான் பதிவான பிழைகள் அதிகம்.

அடுத்து அவர் செய்ததைப் பாருங்கள். கணக்கு எப்படி வந்தது என்பதை ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், ஓர் உதவியாளரை அந்த வார்டுகளுக்கு அனுப்பி, அங்கே எப்படி வேலை நடக்கிறது என்று பார்த்துவரச் சொன்னார். சில வார்டுகளில் தப்பு நடந்தால் நர்ஸ்கள் இன்சார்ஜிடம் நேரே போய்ச் சொல்கிறார்கள். சிலவற்றில் திட்டு விழும் என்று பயந்து வாயைத் திறப்பதில்லை. ஆக, அந்த எண்ணிக்கை காட்டியது எவ்வளவு பிழை வெளியே வருகிறது என்பதைத்தான். இது 1996ல் கட்டுரையாக வந்தது. 1999ல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து, தப்பைப் பயமில்லாமல் சொல்ல முடியும் என்ற இந்த நம்பிக்கைக்கு 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் ஓர் அளவுகோலையே கொடுத்தார். (பெயர் அவருடையது இல்லை. எட்கர் ஷைன், வாரன் பென்னிஸ் என்ற நிர்வாகவியல் பேராசிரியர்கள் 1965லேயே பேசியிருக்கிறார்கள்.)

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் இன்சிடென்ட் ரிப்போர்ட் படிவம்தான் கண்முன் வந்தது. அதன் முதல் கட்டமே 'பிழை செய்தவர் பெயர், பணியாளர் எண்'. அதை நிரப்பிக் கொடுத்தால் அடுத்த நாள் மெமோ. அப்புறம் எந்த சிஸ்டர் எழுதுவார்? மாதக் கடைசியில் 'பிழை இல்லை' என்று கணக்குக் கொடுத்த வார்டுக்கு மீட்டிங்கில் கைதட்டல் வேறு. புது நர்சிங் சூப்பரின்டெண்டண்ட் மேடம் வந்த பிறகு அந்தக் கட்டத்தையே எடுத்துவிட்டு, 'என்ன நடந்தது, எங்கே தடுத்திருக்கலாம்' என்று மாற்றினோம். அப்படி வந்த முதல் தாள்களில் ஒன்று நைட் ட்யூட்டி பார்த்த ஒரு புது சிஸ்டருடையது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தின் 5000 யூனிட் குப்பியும் 25000 யூனிட் குப்பியும் ஒரே ட்ரேயில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன, மருந்தை இழுக்கப் போகும்போதுதான் லேபிளைப் பார்த்தேன் என்று எழுதியிருந்தார். நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பழைய படிவமாக இருந்தால் இது எங்கள் காதுக்கே வந்திருக்காது. 25000 யூனிட் குப்பிகளைத் தனி அலமாரிக்கு மாற்றி, சிவப்பு லேபிள் ஒட்டினோம்.

எட்மண்ட்சனின் இன்னொரு ஆய்வையும் சொல்ல வேண்டும். நெஞ்செலும்பைப் பிளக்காமல், விலா எலும்புகளுக்கு நடுவே சின்னதாகக் கீறி இதய அறுவை செய்யும் முறை அப்போது புதிது. சர்ஜனுக்கு முன்போல எல்லாம் கண்ணுக்குத் தெரியாது. தொடை வழியாக ஏற்றிய பலூன் மகாதமனியில் சரியான இடத்தில் நிற்கிறதா என்று எக்கோ பார்ப்பவரும் மற்றவர்களும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சக பேராசிரியர்களோடு சேர்ந்து 16 மருத்துவமனைகளைப் பார்த்தார். பெரிய பெயர் உள்ள மருத்துவமனை, மூத்த சர்ஜன் என்பதெல்லாம் வெற்றியைத் தீர்மானிக்கவில்லை. நான் எதையாவது கவனிக்காமல் விடுவேன், நீங்கள் சொல்லியாக வேண்டும் என்று சர்ஜனே வாய்விட்டுக் கேட்ட குழுக்கள்தான் முறையைக் கற்றுக்கொண்டன. ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்த எந்த நர்ஸுக்கும் இதன் அருமை புரியும்.

இந்தத் துறையில் எல்லாமே இப்படி இல்லை என்பதும் உண்மை. தலைமைப் பயிற்சி என்ற பெயரில் நடக்கும் வியாபாரத்தை ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜெஃப்ரி ஃபெஃபரே கடுமையாக விமர்சித்திருக்கிறார். நேர்மையைப் பற்றி ஆராய்ந்த ஹார்வர்டு பேராசிரியர் ஒருவர், தரவுகளைத் திருத்தினார் என்ற குற்றச்சாட்டில் 2025ல் நிரந்தரப் பதவியையே இழந்தார். அவர் அதை மறுக்கிறார். அதனால் உங்கள் பாடத்தில் ஒரு கோட்பாடு வந்தால், எழுதியவர் எங்கே போய், யாரிடம், எதை அளந்தார் என்று முதலில் தேடுங்கள்.

1999 கட்டுரையில் உள்ள அளவுகோல் வெறும் 7 வாக்கியங்கள்தான். 'இந்தக் குழுவில் தவறு செய்தால் அதைப் பெரும்பாலும் நமக்கு எதிராகவே வைத்துக்கொள்வார்கள்' என்பது ஒன்று. 'மற்றவரிடம் உதவி கேட்பது கஷ்டம்' என்பது இன்னொன்று. இன்டர்ன்ஷிப் போகும் இடத்தில் இதைக் கொடுத்துப் பாருங்கள். பெயர் எழுதச் சொல்லாதீர்கள், நிரப்பும்போது மேலாளர் பக்கத்தில் நிற்க வேண்டாம்.