கட்டிவைத்த கையைப் பிடித்துவிடலாமா? ஐசியு நர்ஸின் பதில்கள்

18 வருடமாக ஐசியுவில் இருக்கிறேன். கை கட்டப்பட்ட நோயாளிகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிஸ்டர், அப்பா வெண்டிலேட்டரில் இருக்கிறார். டியூபைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் கட்டியிருக்கிறார்கள். பார்க்கப் போகும்போது பிடித்துவிடலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் கட்டோடு வேண்டாம், நீங்களாக அவிழ்க்கவும் வேண்டாம். எப்படியும் 2 மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது சிஸ்டர் கட்டை அவிழ்த்துப் பார்க்கவேண்டும். அந்த நேரத்தைக் கேட்டுவைத்துக்கொண்டு போங்கள், டூட்டி சிஸ்டருக்கும் எரிச்சல் வராது. ஒரு நேரத்தில் ஒரு கை மட்டும். அவிழ்த்த கை நேராக வாயில் இருக்கும் டியூபுக்குத்தான் போகும், அதனால் உங்கள் கையை அவர் உள்ளங்கைக்குள் கொடுத்துவிடுங்கள்.

முதலில் மணிக்கட்டைப் பாருங்கள். தோல் உரிந்திருக்கிறதா, விரல் வீங்கிச் சில்லென்று இருக்கிறதா? நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் சிவக்கவேண்டும். இல்லையென்றால் மசாஜை விடுங்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். எல்லாம் சரி என்றால் விரல் நுனியிலிருந்து முழங்கை வரை மேல்நோக்கி நீவுங்கள், கைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்க்கிற அழுத்தம் போதும். ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுங்கள். அப்புறம் தோள்பட்டை. அசைக்காமலே கிடக்கும் கையில் நிறையப் பேருக்கு வலி அங்கேதான். 5 நிமிடம் போதும்.

டியூப் எடுத்தபிறகு ஒருவர் என்னிடம் சொன்னது: “கைகூட வலிக்கலை சிஸ்டர். மூக்கு அரிச்சுது, சொறிய முடியலை.” அதிலிருந்து கட்டை அவிழ்த்தால் முதலில் முகத்தைத்தான் ஈரத்துணியால் துடைக்கிறேன்.

கேள்வி: அத்தை நல்லெண்ணெய் கொடுத்துவிட்டிருக்கிறார்.

பதில்: வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற நரம்பில் செருகிய சின்னக் குழாய்) போட்ட கையில் வேண்டாம், பிளாஸ்திரி கழன்றுவிடும். இன்னொரு கையில் இரண்டு சொட்டு. டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (ஆபரேஷனில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) வைத்த கையைப் பிடித்துவிடவே கூடாது.

கேள்வி: ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறது. கெண்டைக்காலை அமுக்கினால் வடியுமா?

பதில்: தொடாதீர்கள். அசையாமல் கிடப்பவருக்குக் காலின் ரத்தக்குழாயில் ரத்தம் உறையலாம். அமுக்கும்போது அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. உடனே டாக்டரிடம் காட்டுங்கள். அதேபோல் குதிகாலிலோ இடுப்புக்குக் கீழேயோ சிவந்திருந்தால் தேய்க்காதீர்கள். அது படுக்கைப் புண்ணின் ஆரம்பம், தேய்த்தால் உள்சதை இன்னும் சேதமாகும்.

கேள்வி: நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், அக்கா. மசாஜ் செய்தால் கட்டவே தேவைப்படாதா?

பதில்: சிலர் அடங்குவார்கள். ஆனால் அதற்கு முன்னால் ஏன் திமிறுகிறார் என்று பாரும்மா. வலியா, ஆக்சிஜன் குறைகிறதா, குடியை நிறுத்திய நடுக்கமா? நான் புதிதாகச் சேர்ந்தபோது ஒரு தாத்தா ராத்திரி முழுக்கத் திமிறினார். கட்டை இறுக்கினேன், கையை நீவினேன், ஒன்றும் பலிக்கவில்லை. விடிந்து வந்த சீனியர் போர்வையை விலக்கினார். யூரின் டியூப் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. நிமிர்த்தினோம், பை நிறைந்தது, அவர் தூங்கிவிட்டார்.

கேள்வி: தம்பியை மனநல வார்டில் கட்டியிருந்தார்கள். ஆள் இல்லை என்று காரணம் சொன்னார்கள். தொட்டால் கத்துகிறான்.

பதில்: கத்தினால் தொடவேண்டாம். பயத்தில் இருப்பவருக்கு நீவுவதும் அடிக்க வருவதுபோல் தெரியும். எட்டி உட்கார்ந்து பேசுங்கள், அவனாகக் கை நீட்டினால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆள் குறைவு என்பதற்காக மட்டும் கட்டக்கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. சங்கிலிக்கு அடியோடு தடை. 2001 ஆகஸ்டில் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் 28 பேர் செத்தது சங்கிலியோடுதானே. எழுத்தில் புகார் கொடுங்கள்.

கேள்வி: பிடித்துவிட்டபிறகு நானே திரும்பக் கட்டிவிடலாமா?

பதில்: கூடாது, அது சிஸ்டர் வேலை. கட்டிலின் சட்டத்தில்தான் கட்டவேண்டும். பக்கக் கம்பியில் கட்டினால், கம்பியை இறக்கும்போது கையும் சேர்ந்து இழுபடும். அவர்கள் கட்டி முடித்ததும் துணிக்கும் தோலுக்கும் நடுவே உங்கள் 2 விரலை நுழைத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிடுங்கள்.