புதன் இரவு 46, ஞாயிறு காலை 68: எதை நம்புவது?

கேள்வி: எனக்கு 48 வயது. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறேன். டிவி சத்தத்தை அதிகம் வைப்பதாக வீட்டில் குறை சொல்கிறார்கள். இரைச்சலுக்கு நடுவே மூன்று மூன்று எண்களாகச் சொல்லும் செயலியில் காதைச் சோதித்தேன். புதன் இரவு ஷிப்ட் முடிந்து வந்ததும் 100-க்கு 46. ஞாயிறு காலை 68. எதை நம்புவது? காது மிஷின் வாங்க வேண்டுமா?

பதில்: இரண்டில் ஒன்றைத் தள்ள வேண்டாம். கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் 22 மதிப்பெண் வித்தியாசத்தை.

கை பழகிவிடுவதால் இரண்டாம் முறை கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆனால் இவ்வளவு கூடியதற்குத் தறிச்சத்தமும் காரணமாக இருக்கலாம். ஷிப்ட் முழுக்க இரைச்சலில் இருந்த காது தற்காலிகமாக மந்தப்பட்டு, ஓய்வில் மீளும். ஆடியோமெட்ரிக்கு (மருத்துவமனையில் கருவி வைத்துச் செய்யும் செவித்திறன் சோதனை) வருபவர்களை முந்தைய 14 மணி நேரமாவது இரைச்சலுக்குப் போகாமல் வரச் சொல்வது இதனால்தான். இந்தக் களைப்பு நாள்தோறும் தொடர்ந்தால் ஒரு கட்டத்தில் மீளாது. உட்செவியின் மயிர்ச்செல்கள் செத்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் அடிபடுவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. உயிரொலிகள் கேட்கும், மேல்சுருதி மெய்யொலிகள் நழுவும். "சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்கன்னுதான் புரியல" என்று பலர் சொல்வது இதைத்தான்.

இன்னொரு விடுமுறை நாள் காலையில் மறுபடி செய்யுங்கள். ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்துங்கள். காதை மூடும் ஒயர் ஹெட்போன் நல்லது. ப்ளூடூத்தான் இருக்கிறது என்றால் இரைச்சல் நீக்கும் வசதியையும் ஈக்வலைசரையும் அணைத்துவிடுங்கள். போன் செட்டிங்கில் இடது-வலது ஒலி அளவு நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். வால்யூமைத் தொடக்கத்தில் வசதியாக வைத்த பிறகு தொடக்கூடாது. எண் சரியாகக் கேட்காவிட்டால் ஊகித்து அழுத்துங்கள். பாதி சரி, பாதி தவறு என்று வரும் இடத்தைத்தான் செயலி தேடுகிறது.

இந்தச் சோதனை அளப்பது குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளியை. அதனால் எந்த போனிலும் ஓரளவு ஒத்து வரும். அதன் ஓட்டையும் அங்கேதான். குறும்பி அடைத்திருந்தாலோ, செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருந்தாலோ, வால்யூமைக் கூட்டினாலே நல்ல மதிப்பெண் வந்துவிடும். இரு காதுக்கும் சேர்த்து ஒலி தரும் சோதனையில் நல்ல காது மற்றதன் குறையை மறைத்தும் விடும். போனை ஒவ்வொரு காதிலும் மாற்றி வைத்துப் பேசினால் வித்தியாசம் தெரியும். 'பீப்' ஒலி கேட்கச் செய்து "உங்களுக்கு 35 டெசிபல்" என்று சொல்லும் இணையதளங்களின் எண்ணை நம்பாதீர்கள். உங்கள் இயர்போன் எவ்வளவு ஒலி எழுப்புகிறது என்பது அவற்றுக்குத் தெரியாது.

மிஷின் இப்போது வேண்டாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குறும்பி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு சத்தம் புகாத அறையில், காதுக்குத் தனித்தனியாக ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனின் வரைபடம், எடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதைச் செய்வார்கள். மிஷின் தேவையா என்பதை அந்த வரைபடம் சொல்லட்டும். ஆன்லைனில் வாங்கும், காதில் மாட்டிச் சத்தத்தைக் கூட்டும் கருவி சொல்ல வேண்டாம்.

திடீரென, ஓரிரு நாளில் ஒரு காது மந்தமானால் மட்டும் செயலியைத் தேடி உட்காராதீர்கள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். ஸ்டீராய்டு சிகிச்சை முதல் இரண்டு வாரத்துக்குள்தான் அதிகம் பலன் தரும்.

நாளைக்கே தறிக்குப் போவீர்கள் அல்லவா? பஞ்சு வைப்பது போதாது. ஃபோம் இயர்பிளக்கைச் சுத்தமான விரல்களால் மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். எதிர்க்கையால் காது மடலை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உங்கள் குரலே அடைத்தாற்போலக் கேட்டால் சரியாக உட்கார்ந்திருக்கிறது.