அலமேலு என்றே கூப்பிடுங்கள்

கேள்வி: எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. என் கணவரைத் தூக்கி வளர்த்த அப்பாயியின் பெயர் அலமேலு. அதையே வைக்க ஆசை. மாமியாரோ, "பழங்காலப் பெயர், பள்ளியில் கேலி செய்வார்கள். ஆன்யா என்று வை, அந்தப் பெயரைப் பின்னால் சேர்த்துக்கொள்" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, செங்காங், சிங்கப்பூர்

பதில்: அலமேலு என்றே வையுங்கள். முன்னால் இன்னொரு பெயர் வேண்டாம். பின்னால் ஒட்டிய பெயரை யாரும் கூப்பிடுவதில்லை. கடைசியில் அது கடப்பிதழில் மட்டும்தான் மிஞ்சும்.

பேத்தி என்ற சொல்லே பெயர்த்தியிலிருந்து வந்ததுதான். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் என்று பொருள். அலமேலுவோ, அலர்மேல்மங்கை என்பது நாவில் தேய்ந்து வந்த பெயர். மலர்மேல் அமர்ந்தவள். திருவேங்கடத்தானை 'அலர்மேல் மங்கை உறை மார்பா' என்று நம்மாழ்வார் பாடியிருக்கிறார். அந்தப் பெயருக்கா வெட்கப்படுவது? சொல்லிப் பாருங்கள்: அ-ல-மே-லு. ஒற்று ஒன்றுகூட இல்லை, ழகரமும் இல்லை. வகுப்பில் சீன ஆசிரியர் வாசித்தாலும் மலாய் ஆசிரியை வாசித்தாலும் நாக்கு இடறாது. கேலி செய்கிற பிள்ளைகள் எந்தப் பெயரையும் கேலி செய்வார்கள்.

பழைய பெயர் எல்லாமே நல்ல பெயர் என்று நான் சொல்லமாட்டேன். போதும்பொண்ணு, வேண்டாம் என்றெல்லாம் வைத்தார்களே, அவை பெண் பிறந்ததே பாரம் என்று எண்ணி வைத்த பெயர்கள். அவற்றை எந்தக் குழந்தைக்கும் மறுபடி சூட்டக்கூடாது.

உங்கள் மாமியாருக்கு இன்னொரு சங்கடமும் இருக்கலாம். அது அவருடைய மாமியார் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி அதட்டவோ, "ஏய்" என்று கூப்பிடவோ அவருக்கு வாய் வராது. அந்தக் காலத்து மருமகள்களுக்கும் இதே சிக்கல்தான். அதனால்தான் பெயரை வைத்துவிட்டு வீட்டில் பாப்பா, ஆத்தா என்று அழைத்தார்கள். அவர் பாப்பா என்றே கூப்பிடட்டும். நீங்களும் உங்கள் கணவரும் அலமேலு என்று கூப்பிடுங்கள்.

பிறப்பைப் பதிய 42 நாள் அவகாசம். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. எண்கணிதம் பார்த்து ஆங்கில எழுத்தை இரட்டித்து, பெயரை இழுத்துவிடாதீர்கள். பதிவில் தமிழ் எழுத்திலும் பெயரைக் குறிக்க இடமுண்டு. பலர் அதை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடாதீர்கள்.