கட்டட ஆய்வுக்குக் கட்டுப்படியாகும் விலையில் எந்தத் தெர்மல் ட்ரோன் வாங்கலாம்?

அடுக்குமாடிக் கட்டடங்களின் வெளிச்சுவரிலும் மொட்டை மாடியிலும் ஓதம், பூச்சு உப்பல் போன்றவற்றைக் கண்டறியும் ஆய்வுப் பணியைத் தொடங்கவிருப்பதாகவும், கையிருப்பு குறைவென்பதால் 160 × 120 பிக்சல் தெர்மல் கேமரா (வெப்பநிலை வேறுபாட்டைப் படமாகக் காட்டும் கேமரா) உள்ள ட்ரோன் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூரையில் சந்தேகத்துக்குரிய பகுதி எங்கே இருக்கிறது என்று மேலோட்டமாகப் பார்த்துக்கொள்ள அது உதவும். கையெழுத்திட்டு அறிக்கை கொடுப்பதற்குப் போதாது. நான் அத்தகைய ஒன்றில்தான் தொடங்கினேன் என்பதால் இதை அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒருமுறை ஐந்தாவது மாடிச் சன்னல் ஒன்றின் கீழே, சுற்றியுள்ள சுவரைவிடக் குளிர்ந்த திட்டு ஒன்று படத்தில் தெரிந்ததால், அங்கே நீர் கசிகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். தொங்குசாரம் கட்டி இறங்கிப் பார்த்தவர்கள் கண்டது, சன்னல் விளிம்பில் பதித்திருந்த ஐந்து செ.மீ. அகல அலுமினியத் தகடு மட்டுமே. சுவரோ உலர்ந்து கிடந்தது. பளபளப்பான உலோகத்தின் உமிழ்திறன், அதாவது தன் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வெளிவிடும் திறன், மிகக் குறைவு என்பதால், கேமரா அதில் தகட்டின் வெப்பநிலையை அல்ல, தகட்டில் எதிரொளித்த தெளிந்த வானத்தின் குளிர்ச்சியையே பார்த்திருக்கிறது. சன்னல் கண்ணாடியும் ஓரளவுக்கு இப்படி வானத்தை எதிரொளித்து ஏமாற்றும். படம் துல்லியமாக இருந்திருந்தால் அது ஒரு தகடு என்பது அதன் நேர்கோட்டு விளிம்பிலேயே புரிந்திருக்கும். என் படத்தில் அது பக்கத்துச் சுவரோடு கலந்து ஈரத்திட்டு போலவே தெரிந்தது.

ஏன் அப்படித் தெரிந்தது என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். 160 பிக்சல் அகலமும் 57 பாகைக் கிடைமட்டப் பார்வைக் கோணமும் உள்ள கேமராவில், 10 மீட்டர் தொலைவிலிருந்து எடுத்தால், ஒரு பிக்சல் சுவரில் ஏறக்குறைய 7 செ.மீ. அகல இடத்தை அடக்கிவிடும். ஓர் இடத்தின் வெப்பநிலையை ஓரளவு நம்பிச் சொல்வதற்குக் குறைந்தது 3 × 3 பிக்சல் தேவை என்று வைத்துக்கொண்டால், 20 செ.மீ.க்குக் குறைந்த எதைப் பற்றியும் நீங்கள் எண் சொல்ல முடியாது. 640 × 512 பிக்சலும் 61 பாகை மூலைவிட்டக் கோணமும் உள்ள டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் 3 தெர்மல் ட்ரோன் போன்றவற்றில் அதே தொலைவில் ஒரு பிக்சல் ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. தான். ஆகவே, நீங்கள் தேடும் குறைகளில் மிகச் சிறியது எவ்வளவு அகலம் என்பதை முதலில் முடிவு செய்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுக் கேமராவைத் தேர்ந்தெடுங்கள். விளம்பரத்தில் காணும் ஜூம் எண்களையும், மென்பொருள் இடைச்செருகிப் பெருக்கிக் காட்டும் பிக்சல்களையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணம் இடிக்கும்போது என் பரிந்துரை, புதிய 160 பிக்சல் ட்ரோனைவிடப் ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பழைய 640 பிக்சல் ட்ரோனை வாங்குவதே. மேவிக் 2 என்டர்பிரைஸ் அட்வான்ஸ்ட், ஆட்டெலின் ஈவோ 2 டூயல் 640டி ஆகியவை இந்த வரிசையில் வருபவை. பெயர் ஒன்றுபோல இருப்பதால் கவனம் தேவை: மேவிக் 2 என்டர்பிரைஸ் டூயலில் இருப்பது 160 × 120 கேமராதான், பாரட் அனாஃபி தெர்மலிலும் அதுவே. பயன்படுத்திய ட்ரோனை வாங்கும்போது பேட்டரி எத்தனை முறை சார்ஜ் ஏறியிருக்கிறது, உப்பியிருக்கிறதா, மாற்றுப் பேட்டரி இன்னும் கிடைக்கிறதா என்பவற்றைப் பார்த்த பிறகே விலை பேசுங்கள். ட்ரோனின் பதிவு, பறக்கும் அனுமதி ஆகியவற்றை உங்கள் நாட்டு விதிப்படி முடித்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இவ்வளவு செலவழித்தும், தவறான நேரத்தில் பறந்தால் பயன் கிடைக்காது. வெப்பக் காப்புப் பொருள் பதித்த தட்டைக் கூரையில் தேங்கிய ஈரம் பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் ஆறும் என்பதால், வெயில் அடித்த நாளில் சூரியன் மறைந்த சில மணி நேரத்தில், காற்று அதிகமில்லாதபோது, ஈரமான பகுதி சுற்றுப்புறத்தைவிடச் சூடாகத் தெரியும். உப்பிய பூச்சு இதற்கு நேர்மாறு. பின்னால் உள்ள காற்றிடைவெளியால் அது வெயிலில் விரைவாகச் சூடாகி, மாலையில் விரைவாக ஆறிவிடும். மூன்று மாடிக்கு உட்பட்ட கட்டடங்களே உங்களுக்கு அதிகம் வருமானால், ட்ரோனை ஒத்திப்போட்டு, கையில் பிடிக்கும் நல்ல தெர்மல் கேமரா ஒன்றை வாங்குவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

எதை வாங்கினாலும், பணம் கொடுப்பதற்கு முன் அந்த ட்ரோனில் எடுத்த ஒரு மூலக்கோப்பை விற்பவரிடம் கேட்டு வாங்கி, பகுப்பாய்வு மென்பொருளில் திறந்து, உமிழ்திறனை 0.95இலிருந்து 0.80க்கு மாற்றிப் பாருங்கள். வெப்பநிலை எண்கள் மாறினால் அது ஒவ்வொரு பிக்சலின் அளவீட்டையும் சேமிக்கும் ரேடியோமெட்ரிக் கோப்பு. மாறவில்லையென்றால் அது வெறும் வண்ணப்படம். அந்த ட்ரோனை விட்டுவிடுங்கள்.