சம்பளத்தை வெட்டியும் தேர்தலில் வென்ற பிரதமர்

கேள்வி: அரசு ஊழியர் சம்பளத்தையும் முதியோர் ஓய்வூதியத்தையும் குறைத்த லாட்வியப் பிரதமர் வால்டிஸ் டொம்ப்ரோவ்ஸ்கிஸ், அதற்குப் பிறகு வந்த தேர்தலிலும் வென்றார் என்று படித்தேன். சிக்கன நடவடிக்கையை விரும்பியா மக்கள் வாக்களித்தார்கள்?

பதில்: வென்றது உண்மை, விரும்பி வாக்களித்தார்கள் என்பதில்தான் எனக்கு ஐயம்.

2009 மார்ச்சில் அவர் பதவியேற்றபோது வயது 37. இயற்பியல் படித்து, பிறகு பொருளாதாரத்துக்கு வந்து, லாட்விய மத்திய வங்கியில் வேலை பார்த்தவர். 2002 முதல் 2004 வரை நிதியமைச்சர்; அதன்பின் ஐந்தாண்டுகள் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர். அதாவது, 'கொழுத்த ஆண்டுகள்' என்று பேசப்பட்ட அந்தக் கடன் கொண்டாட்டக் காலத்தில் அவர் தலைநகர் ரிகாவில் அமைச்சராக இல்லை. வங்கிகள் அள்ளிக் கொடுத்த வீட்டுக்கடனில் வீட்டு விலைகள் எகிறி, 2008-இல் எல்லாம் சரிந்து, பரெக்ஸ் வங்கியை அரசே எடுத்துக்கொண்டு, பன்னாட்டு நாணய நிதியம், ஐரோப்பிய ஒன்றியம் உள்ளிட்டோர் சேர்ந்து 750 கோடி யூரோ கடனுதவிக்கு ஒப்புக்கொண்ட பிறகுதான், பதவி விலகிய பிரதமர் கோட்மனிஸின் இடத்துக்கு இவர் அழைக்கப்பட்டார்.

அப்போது அவர் முன் இருந்த எளிய வழி, லாட் நாணயத்தின் மதிப்பைக் குறைப்பது. பொருளியல் அறிஞர்கள் பலரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். ஆனால் குடும்பங்கள் வாங்கியிருந்த வீட்டுக்கடன்களில் பெரும்பாலானவை யூரோவில் இருந்தன. சம்பளம் லாட்டில் வர, தவணை யூரோவில் போக, மதிப்பைக் குறைத்த மறுநாளே கடன் சுமை ஏறியிருக்கும். ஆகவே நாணயத்தைத் தொடாமல் சம்பளத்தைத் தொட்டார்கள். ஆசிரியர்களின் ஊதியம் கடுமையாக வெட்டப்பட்டது, மருத்துவமனைகள் மூடப்பட்டன, வேலையின்மை 20 விழுக்காட்டை ஒட்டிச் சென்றது. 2009 ஜூலை முதல் ஓய்வூதியத்தில் 10 விழுக்காடும், ஓய்வூதியம் பெற்றபடியே வேலைக்கும் போனவர்களுக்கு 70 விழுக்காடும் பிடிக்கப்பட்டன. இந்தப் பிடித்தம் செல்லாது என்று அந்த டிசம்பரிலேயே அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், பிடித்த பணத்தை அரசு திருப்பித் தர வேண்டியதாயிற்று. சிக்கனத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இந்தத் தீர்ப்பை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

இனி தேர்தலுக்கு வருவோம். 2010 அக்டோபரில் அவருடைய 'ஒற்றுமை' கூட்டணி, 100 இடங்கள் கொண்ட நாடாளுமன்றமான சயீமாவில் 33 இடங்களைப் பிடித்தது. கொழுத்த ஆண்டுகளில் ஆட்சி நடத்திய மக்கள் கட்சியோ, வேறொரு கட்சியோடு சேர்ந்து நின்றும் 8 இடங்களோடு நின்றுபோனது. கடனை மூட்டியவர் யார், கணக்குத் தீர்க்க வந்தவர் யார் என்று வாக்காளர் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள் என்றே நான் படிக்கிறேன்.

அடுத்த ஆண்டே குடியரசுத் தலைவர் சட்லெர்ஸ் முன்முயற்சி எடுக்க, பொதுவாக்கெடுப்பின் மூலம் சயீமா கலைக்கப்பட்டு மீண்டும் தேர்தல் வந்தது. இம்முறை 'ஒற்றுமை' 20 இடங்களோடு மூன்றாம் இடத்துக்கு இறங்கியது. ரஷ்ய மொழி பேசுவோரின் ஆதரவைப் பெற்ற 'இணக்க மையம்' 31 இடங்களுடன் முதலிடம் பெற்றது. ஆனால் அந்தக் கட்சியோடு ஆட்சி அமைக்க மற்றக் கட்சிகள் கடைசிவரை இணங்கவில்லை. மூன்றாம் இடத்தில் இருந்த டொம்ப்ரோவ்ஸ்கிஸே மீண்டும் பிரதமரானார். இதைச் சிக்கனத்துக்குக் கிடைத்த தீர்ப்பு என்பது பொருந்தாது. தவிர, 2000-க்கும் 2011-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகை ஏறக்குறைய 23.8 லட்சத்திலிருந்து 20.7 லட்சமாகச் சுருங்கியது. பிறப்பு குறைந்ததும் இதில் அடக்கம் என்றாலும், கோபத்தில் எதிர்த்து வாக்களித்திருக்கக்கூடிய இளைஞர் பலர் அயர்லாந்துக்கும் இங்கிலாந்துக்கும் வேலை தேடிப் போயிருந்தார்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கேள்வி: அப்படி நிலைத்தவர், ஒரு கடையின் கூரை விழுந்ததற்காக ஏன் பதவி விலகினார்?

பதில்: 2013 நவம்பர் 21 மாலை, ரிகாவின் சொலிதூடே பகுதியில், கூரைமேல் தோட்டம் அமைக்கும் வேலை நடந்துகொண்டிருந்த பேரங்காடி ஒன்று இடிந்து விழுந்தது. 54 பேர் மாண்டார்கள். மீட்கப் போன தீயணைப்பு வீரர்கள் மூவரும் அதில் அடக்கம். கட்டடங்களை மேற்பார்வையிட்டு வந்த அரசு ஆய்வு அமைப்பு, செலவைக் குறைப்பதற்காக 2009-இல், இவர் ஆட்சியிலேயே கலைக்கப்பட்டிருந்தது. அது இருந்திருந்தால் கூரை நின்றிருக்குமா என்பது வேறு கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி அவரை நோக்கித்தான் எழுந்தது. ஆறாம் நாள், அரசியல் பொறுப்பை ஏற்பதாகச் சொல்லி விலகினார்.

அடுத்த அரசு அமையும்வரை காபந்துப் பிரதமராக நீடித்ததால், 2014 ஜனவரி 1 நள்ளிரவில் லாட்வியா யூரோவுக்கு மாறியபோது, ரிகாவில் ஏ.டி.எம். இயந்திரத்திலிருந்து 10 யூரோ நோட்டை எடுத்துக் காட்டியவரும் அவரே. எந்த யூரோவில் சேர்வதற்காகச் சம்பளத்தை வெட்டினாரோ, அது கைக்கு வந்தபோது பதவி கைநழுவிக்கொண்டிருந்தது. மூன்று வாரத்தில் லைம்டொட்டா ஸ்ட்ராயுமா, அந்நாட்டின் முதல் பெண் பிரதமராக, அவரிடமிருந்து பொறுப்பேற்றார். அவ்வாண்டு இறுதியில் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் ஐரோப்பிய ஆணையத்தின் துணைத் தலைவரானார். 2022-இல் இந்தியாவுடனான வணிக ஒப்பந்தப் பேச்சு பிரசல்ஸில் மீண்டும் தொடங்கியபோது ஐரோப்பியத் தரப்பில் அமர்ந்திருந்தவரும் அவர்தான்.