துவக்கின் பிறப்பும் சட்டத்தின் கணக்கும்

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மச்சான் ஒரு சுடுகழகத்தில் அங்கத்தவராக இருக்கிறார். பிரித்தானிய இராணுவம் முன்பு பாவித்த எஸ்.எல்.ஆர். துப்பாக்கி ஒன்றை வாங்கி, ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும்படி மாற்றிவிட்டால், சாதாரண அனுமதிப்பத்திரத்திலேயே வைத்திருக்கலாம் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். இது சரியா? இலங்கையில் இப்படிச் செய்ய இடமுண்டா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: சரியல்ல. மச்சான் காசு கொடுக்க முன்னர் இதை அவரிடம் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இந்தத் தவறான ஆலோசனையை நம்பினால் அவர் சிறைக்குப் போக நேரலாம்.

1987 ஓகஸ்ட் 19ஆம் திகதி இங்கிலாந்தின் ஹங்கர்ஃபோர்ட் என்ற சிற்றூரில் ஒருவன் 16 பேரைச் சுட்டுக் கொன்றான். அவன் கையில் இருந்தவற்றுள் ஒன்று, நம் நாட்டில் சிறு பிள்ளையும் பெயர் அறிந்த ரி-56 துப்பாக்கியின் அரைத்தானியங்கி வடிவம், அதாவது விசையை ஒருமுறை அழுத்த ஒரு வெடி வெடித்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். அதை அவன் அனுமதிப்பத்திரத்துடனேயே வைத்திருந்தான். அடுத்த ஆண்டு வந்த 1988ஆம் ஆண்டுச் சுடுகலன்கள் திருத்தச் சட்டம், .22 ரிம்ஃபயர் என்ற சிறு தோட்டா ரகம் தவிர்ந்த அரைத்தானியங்கி ரைஃபிள்களைத் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களின் வரிசையில் சேர்த்தது. உங்கள் கேள்விக்கு விடை அந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவில் இருக்கிறது. ஒரு ஆயுதம் எப்போதாவது ஒரு காலத்தில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்ததாக இருந்திருந்தால், அதை வேறு வகையாக மாற்றுவதற்கு என்ன வேலை செய்திருந்தாலும், அது தடைசெய்யப்பட்ட ஆயுதமாகவே கருதப்படும் என்று அப்பிரிவு கூறுகிறது. எஸ்.எல்.ஆர். பிறந்ததே அரைத்தானியங்கியாக. ஆகவே இன்று அது எப்படி இயங்குகிறது என்று யாரும் கேட்கப்போவதில்லை. இத்தகைய ஆயுதத்தை அதற்குரிய விசேட அதிகாரமின்றி வைத்திருக்கும் வயதுவந்த ஒருவருக்கு, விதிவிலக்கான சூழ்நிலை எதுவும் இல்லையென்றால், ஆகக் குறைந்த தண்டனையே 5 ஆண்டுச் சிறை.

சட்டம் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். துப்பாக்கியை அருகில் வைத்துப் பார்த்தால் காரணம் புரியும். தோட்டா வெடித்ததும் எழும் வாயுவில் ஒரு பகுதி, குழலில் உள்ள சிறு துளை வழியாக மேலே ஏறி ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் வெற்றுக் கோது வெளியே விழ, சுருள்வில், தோட்டாவை உள்ளே தள்ளிக் குழலை அடைக்கும் போல்ட்டை மீண்டும் முன்னே கொண்டுவந்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிறது. விசையை மறுபடி அழுத்துவது மட்டுமே சுடுபவரின் வேலை. எஸ்.எல்.ஆர். பிறந்த எஃப்.என். ஃபால் என்ற பெல்ஜியத் துப்பாக்கிக் குடும்பத்தில், குழல் முனையில் பொருத்தும் ரைஃபிள் கிரனேட்டை ஏவும்போது வாயு முழுவதும் கிரனேட்டையே தள்ள வேண்டும் என்பதற்காக, குழலின் மேலே முன்பக்கத்தில் ஒரு சிறு மூடி வைத்திருந்தார்கள். அதன் குமிழை அழுத்தி அரைச் சுற்றுத் திருப்பினால் வாயு அடைபடும். அதன்பின் படைவீரர் கையால் இழுத்துத்தான் அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். மறுபடி அரைச் சுற்றுத் திருப்பினால் துப்பாக்கி பழையபடி தானாக ஏற்றும். ஒரு விரலசைவில் போய்வரக்கூடிய மாற்றத்தை நம்பி எந்த அரசு அனுமதி கொடுக்கும்? பட்டறையில் துளையை நிரந்தரமாக அடைத்தாலும், அதைத் திறக்கத் தெரிந்த இன்னொரு பட்டறைக்காரர் இருப்பார் என்பதே சட்டம் இயற்றியவர்களின் அச்சம். அந்த அச்சம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். இரண்டாம் உலகப் போரில் நியூசிலாந்தில் ஆயுதத் தட்டுப்பாடு வந்தபோது, சார்ல்ட்டன் என்பவர் கையால் இழுத்து ஏற்றும் பழைய லீ-என்ஃபீல்ட் இராணுவத் துப்பாக்கிகளைத் தானியங்கித் துப்பாக்கிகளாகவே மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

மச்சானுக்கு வழி இல்லாமலும் இல்லை. பார்வைக்கு இராணுவத் துப்பாக்கி போலவே இருந்து, வாயுத் துளையே இல்லாமல், முதல் நாளிலிருந்தே கையால் நேராக இழுக்கும் வகையில் தொழிற்சாலையில் புதிதாகச் செய்யப்படும் துப்பாக்கிகளுக்குப் பிரித்தானியாவில் அனுமதி கிடைக்கிறது. அப்படி ஒன்றை வாங்குவதானால், அது தொடக்கம் முதலே அவ்வாறு செய்யப்பட்டது என்பதற்கான உற்பத்தியாளரின் ஆவணத்தைக் கேட்டு வாங்கி, தொடரிலக்கத்துடன் அப்பகுதிப் பொலிஸ் அனுமதிப் பிரிவுக்கு எழுதிப் பதில் பெற்ற பின்னரே காசு கொடுக்க வேண்டும். வாய்ப் பேச்சை நம்பவே கூடாது. வெடியின் வாயுவால் கோது வெளியேறி, போல்ட் பின்னால் நின்று, ஒரு நெம்பைத் தட்டினால் முன்னே போகும் ரகம் ஒன்று சில காலம் அங்கே விற்கப்பட்டது. அதையும் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்துவிட்டது.

இலங்கையில் நிலைமை இன்னும் கடுமையானது. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். யானை, காட்டுப்பன்றி ஆகியவற்றிடமிருந்து பயிரைக் காக்க விவசாயிக்குக் கிடைப்பது சொட்கன் துவக்குத்தான். ரி-56 வைத்திருந்தவர்களுக்கு நம் மேல் நீதிமன்றங்கள் ஆயுள் தண்டனை விதித்திருக்கின்றன. அதைக் கையால் இயங்கும்படி மாற்றித் தருவதாக எவரேனும் சொன்னால், அந்தப் பேச்சை அத்துடன் நிறுத்திவிட்டு அங்கிருந்து விலகிவிடுங்கள்.

கேள்வி: இந்தியாவில் 303 தோட்டாவைத் தடைசெய்துவிட்டு, 315 என்று ஒன்றை விற்கிறார்களாம். அதுவும் இதே மாதிரியான மாற்றமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: நோக்கம் ஒன்று, வழி வேறு. துப்பாக்கி எப்படி ஏற்றுகிறது என்பதை விட, அது எந்தத் தோட்டாவைச் சுடுகிறது என்பதையே அந்த ஏற்பாடு முதலில் பார்த்தது. அன்று இராணுவத்தினதும் பொலிசாரினதும் தோட்டாவாக இருந்த .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்பதால், மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் தொழிற்சாலை, லீ-என்ஃபீல்ட் பாணியிலேயே கையால் இயக்கும் .315 துப்பாக்கியைப் பொதுமக்களுக்கென்று செய்தது. படைமுகாமிலிருந்து திருடிய தோட்டா அதற்குப் பொருந்தாது. பழைய இராணுவத் துப்பாக்கியைத் திருத்தி விற்காமல், வேறு தோட்டாவுக்கென்று புதிதாகச் செய்தார்கள் என்பதைக் கவனியுங்கள். முதல் கேள்வி கேட்ட வாசகரின் மச்சானுக்கு நான் சொன்னதும் அதுவே.