குறியீடு 94 என்றால் ஓய்வுபெற்றவரா?

வணக்கம். முதுகலைப் பொருளியல் ஆய்வேட்டுக்காக, தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தவர்கள் வேலை செய்கிறார்களா, புதிதாக எதையாவது கற்கிறார்களா, இணையம் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கிறேன். அரசின் உழைப்புக் கணக்கெடுப்பான பி.எல்.எஃப்.எஸ். 2023-24 தரவை இறக்கினேன். நான் போட்ட சதவீதம் அரசு அறிக்கையோடு ஒத்துவரவில்லை. அதில் ஒருவர் வேலை செய்கிறாரா, வேறென்ன செய்கிறார் என்று காட்டும் குறியீடுகளில் 94-ஐ ஓய்வுபெற்றவர் என்று எடுத்தால் பெண்கள் மிகக் குறைவாக வருகிறார்கள். இணையம் பற்றிய கேள்வி அரசின் இன்னொரு கணக்கெடுப்பான 2022-23 கேம்ஸில் இருக்கிறது. இரண்டையும் இணைக்கலாமா?
– ஆய்வு மாணவி, திருச்சி

அன்புள்ள மாணவிக்கு,

முதலில் எண் ஒத்துவராத சிக்கலைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கோப்பில் ஒரு வரி ஓர் ஆள்தான். ஆனால் அவர் வெளியே எத்தனை பேருக்காக நிற்கிறார் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைச் சொல்வதுதான் பெருக்கி. அதை அப்படியே போடக் கூடாது. கோப்பின் ஒவ்வொரு வரியிலும் உள்ள என்.எஸ்.எஸ்., என்.எஸ்.சி. என்ற இரண்டு எண்களும் சமமாக இருந்தால் பெருக்கியை 100-ஆல் வகுக்க வேண்டும், இல்லையென்றால் 200-ஆல். ஆண்டு மதிப்பீடு என்பதால் காலாண்டு எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். சதவீதம்தானே, எல்லாம் அடிபட்டுவிடும் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். 100 அடிபடும், 200 அடிபடாது. இரண்டு துணை மாதிரிகளும் (ஒரே பகுதியிலிருந்து தனித்தனியாக எடுத்த இரு மாதிரிகள்) எடுக்கப்பட்ட இடத்தில் ஒவ்வொன்றும் தனியாகவே அங்குள்ள மொத்த மக்களையும் காட்டும். பாதியாக்காவிட்டால் அந்த மக்கள் இரண்டு முறை எண்ணப்படுவார்கள்.

முதல் வருகைக் கோப்பை மட்டும் எடுங்கள். நகர்ப்புற வீடுகளுக்கு நான்கு முறை போயிருப்பார்கள். மறுவருகைக் கோப்பையும் சேர்த்தால் நகரம் வீங்கிவிடும். இன்னொன்று, எக்செல்லில் திறக்காதீர்கள். எண்களின் முன்னால் உள்ள பூஜ்யங்கள் போய்விடும், பிறகு வீட்டுக் கோப்பும் ஆள் கோப்பும் சேராது.

சரியாகச் செய்தீர்களா என்று பார்க்க ஒரு வழி உண்டு. 15 வயதுக்கு மேற்பட்டோருக்கு, அகில இந்திய அளவில், வழக்கமான நிலைப்படி உழைப்புப் பங்கேற்பு 60.1, வேலை செய்வோர் 58.2, வேலையின்மை 3.2 சதவீதம் வர வேண்டும். இவை வந்த பிறகு தமிழ்நாட்டுக்கு, அதாவது மாநில எண் 33-க்கு, போகலாம். வேலையின்மை மட்டும் கூடுதலாக வந்தால், முதன்மை நிலையில் (ஆண்டின் பெரும்பகுதி நேரம் இருந்த நிலை) 81, அதாவது வேலை தேடுபவர் என்ற குறியீடு, உள்ள எல்லோரையும் எண்ணியிருப்பீர்கள். அவர்களில் துணை நிலையில் (அதற்கு வெளியே செய்த சிறு அளவு வேலை) வேலை உள்ளவர்கள் வேலை செய்வோர் கணக்கில் வருவார்கள்.

இனி 94. நீங்கள் கண்ட குறைவு தரவின் பிழை அல்ல, குறியீட்டின் இயல்பு. 94 என்பது வாடகை, ஓய்வூதியம், வெளியிலிருந்து வரும் பணம் ஆகியவற்றில் வாழ்பவர்களுக்கு உரியது. கடந்த 365 நாளில் பெரும்பகுதி நேரம் என்ன செய்தார் என்பதுதான் இங்கே அளவுகோல். ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை மாதாமாதம் ஓய்வூதியம் வாங்குகிறார், வீட்டில் சமைத்துப் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருக்கு விழுவது பெரும்பாலும் 92, அதாவது வீட்டுவேலை. அதே ஓய்வூதியத்தோடு பெட்டிக்கடை நடத்தும் முன்னாள் நடத்துனருக்கு 11, அதாவது சொந்தத் தொழில். வருடத்தில் 30 நாளுக்குக் குறையாமல் சொந்த வயலில் வேலை பார்க்கும் ஓய்வூதியருக்கு முதன்மை நிலை 94, துணை நிலை 11. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அவர் வேலை செய்பவர். மூவருமே ஓய்வுபெற்றவர்கள்தான், உங்கள் எண்ணிக்கையில் வருவது ஒருவர், அவரும் முதன்மை நிலையை மட்டும் பார்த்தால்தான். எனவே ‘ஓய்வுபெற்றோர்’ என்ற சொல்லை இந்தத் தரவின் மேல் ஏற்றாதீர்கள். 60 வயதைக் கடந்தவர்களில் வேலை செய்வோர் எவ்வளவு, அவர்களில் சுயதொழில், மாதச் சம்பளம், தினக்கூலி எவ்வளவு என்று ஆண், பெண் தனித்தனியாகச் சொல்லுங்கள். அதற்கு இந்தத் தரவு உறுதியாகத் தாங்கும். ஓய்வையும் ஓய்வூதியத்தையும் நேராகக் கேட்டது முதுமை பற்றிய லாசி கணக்கெடுப்பு. மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனமான ஐ.ஐ.பி.எஸ். பொறுப்பேற்று 2017-18-இல், 45 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் எடுத்தது. அந்தத் தரவுக்கு விண்ணப்பியுங்கள்.

கற்றல் பகுதியில் ஒரு குழி இருக்கிறது. தொழிற்பயிற்சி பற்றிய கேள்வி 12 முதல் 59 வயது வரைதான். உங்கள் ஆட்களுக்கு அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமையை ‘பயிற்சி இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள், அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை. பொதுக்கல்வி நிலை உண்டு, ஆனால் அது பெரும்பாலும் இளமையில் படித்த படிப்பு.

கேம்ஸோடு ஆளுக்கு ஆள் இணைக்க முடியாது. இரண்டும் வேறு வேறு வீடுகள். வீட்டு எண் ஒன்றாக வந்தால் அது தற்செயல். ஊரகம்/நகரம், பால், வயதுப் பிரிவு என்று கட்டம் கட்டி, இரு தரவிலும் அதே கட்டத்தின் சதவீதத்தை அருகருகே வைக்கலாம், அவ்வளவுதான். ‘வேலை செய்யும் முதியவர் இணையம் பயன்படுத்துகிறார்’ என்று அதிலிருந்து எழுத முடியாது. ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கி போடாத ஆள் எண்ணிக்கையையும் அட்டவணையில் காட்டுங்கள். அது 30-க்குக் கீழே போனால் கட்டங்களைச் சேர்த்துவிடுங்கள்.

காலப்போக்கைக் காட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆம் சுற்றை (2017-18) இழுக்க ஆசை வரும். வேண்டாம். அது கடந்த 30 நாளில் இணையம் பயன்படுத்தியதைக் கேட்டது, கேம்ஸ் கேட்டது மூன்று மாதம். காலம் நீண்டாலே ‘ஆம்’ கூடிவிடும். இன்னொரு சங்கடம், வீட்டில் ஒருவரே எல்லோருக்குமாகப் பதில் சொல்வது. அம்மா போனில் யூடியூப் பார்ப்பது மகன் கண்ணுக்கு இணையமாகவே படாமல் போகலாம். முதிய பெண்களின் எண்ணிக்கை குறைத்துக் காட்டப்பட்டிருக்கலாம் என்பதை அட்டவணையின் அடியிலேயே எழுதிவிடுங்கள், பின்னிணைப்பில் ஒளிக்காதீர்கள்.